நேரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு

"இனிமேல் டிவி ஸ்டேஷன் என்பதே ஒரு டேட்டா சென்டர்தான்." ஒளிபரப்புத் தொழில்நுட்பம் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இப்போது இந்தப் பேச்சு காதில் விழாமல் இருப்பதில்லை. கோஆக்ஸ் கேபிளைக் கழற்று, ஃபைபர் இழு, நல்ல ஸ்விட்ச் வாங்கு, ஐ.டி. ஆட்களிடம் ஒப்படை, அந்தக் கேபிளில் படத்தைச் சுமந்த எஸ்.டி.ஐ. இத்தனை நாள் செய்ததையெல்லாம் நெட்வொர்க் இன்னும் மலிவாகச் செய்துவிடும் என்கிறார்கள். கருவிகளின் நேர ஒத்திசைவு என்னாகும் என்று கேட்டால், "அதை பி.டி.பி. என்ற நேர நெறிமுறை பார்த்துக்கொள்ளும், கமிஷனிங் சமயத்தில் ஆன் செய்தால் போதும்" என்று பதில் வருகிறது. கருவி விற்பவர்கள் மட்டும் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். நிலையத்தை நடத்துபவர்கள் இதை நம்புகிறார்கள். பட்ஜெட்டில் கையெழுத்திடுபவர்கள் நம்புகிறார்கள். பொறியாளர்களிலும் பாதிப்பேர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறு என்பதே என் வாதம்.

நான் எஸ்.டி.ஐ.க்கு வக்காலத்து வாங்கவில்லை. பெரிய நிலையங்களுக்கு ஐ.பி. நெட்வொர்க் தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆயிரம் சிக்னல் உள்ளே வந்து ஆயிரம் வெளியே போகும் ரௌட்டருக்குப் பத்து லட்சம் சந்திப்புகள் வேண்டும். அளவை இரட்டிப்பாக்கினால் அது நாற்பது லட்சமாகும். அந்தக் கணக்கு ஓர் எல்லைக்கு மேல் பெட்டிக்குள் அடங்காது. கார்டிஃப் சென்ட்ரல் ஸ்கொயரில் பி.பி.சி. வேல்ஸ் கட்டிய நிலையமும், மான்ட்ரியலில் ரேடியோ-கனடாவின் புதிய கட்டடமும் ஐ.பி.யை நம்பியே எழுந்தன, இயங்குகின்றன. ஐ.பி. ஒளிபரப்பு முடியும் என்பதற்கு அவை சான்று. ஆனால் அவற்றைச் சான்றாகக் காட்டுபவர்கள், அந்த நிலையங்களில் நேரத்துக்காக எவ்வளவு வடிவமைப்பும் சோதனையும் நடந்தன என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

"ஒரு கம்பி போய் இன்னொரு கம்பி வருகிறது, அவ்வளவுதானே" என்பது இவர்களுடைய முதல் வாதம். எஸ்.டி.ஐ. வெறும் கம்பியாக ஒருநாளும் இருந்ததில்லை. அதில் படத்தோடு கடிகாரமும் சேர்ந்தே ஓடியது. 1989-இல் 270 மெகாபிட்டில் தொடங்கியபோதும், 1998-இல் எச்.டி.க்காக 1.485 ஜிகாபிட்டுக்கு உயர்ந்தபோதும், வந்துசேரும் பிட்டுகளின் துடிப்பிலிருந்தே எதிர்முனைக் கருவி நேரத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டது. நாம் 1080 வரி என்று சொல்லும் படம் கம்பியில் 1125 வரியாகப் போகும். மிஞ்சும் 45 வரிகளில் படம் கிடையாது. அந்த வெற்றிடத்தில், ஏழாவது வரியில், ரௌட்டர் ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமராவுக்குத் தாவும். வீட்டில் பார்ப்பவருக்கு வெட்டு சுத்தமாக இருக்கும். இது நடக்க, நிலையத்தின் எல்லாக் கேமராக்களும் ஒரே கணத்தில் அந்த ஏழாவது வரியில் இருந்தாக வேண்டும். சிங்க் ஜெனரேட்டரிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் பிளாக் பர்ஸ்ட் என்று தனிக் கேபிள் போனது இதற்காகத்தான். இப்படிக் கருவிகளை ஒரே துடிப்புக்குப் பூட்டுவது, அதாவது ஜென்லாக் செய்வது, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் வேலையாக இருந்ததும் இதனால்தான்.

அனலாக் காலத்து மூத்தவர்களுக்கு இந்தப் புத்தி விரல் நுனியிலேயே இருந்தது. பால் (PAL) முறையில் நிறத்தைச் சுமந்த துணை அலை 4.43 மெகாஹெர்ட்ஸில் அதிரும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 225 நானோ நொடி. அதில் ஒரு டிகிரி விலகல் என்பது 0.6 நானோ நொடியை ஒட்டிய அளவு. கேபிள் நீளத்தில் சொன்னால் சுமார் 12 சென்டிமீட்டர். விஷன் மிக்ஸரில் இரண்டு கேமராக்களைக் கலக்கும்போது ஒரே முகம் இரண்டு நிறமாகத் தெரியாதிருக்கக் கேபிளை அளந்து வெட்டினார்கள். ரேக்குக்குப் பின்னால் சுருட்டிக் கட்டிய கேபிளைப் பார்த்து, மிச்சம்தானே என்று வெட்டப் போனவர் நல்ல திட்டு வாங்கினார். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, நீளத்தால் அளக்கக்கூடிய பொருளாக அவர்களுக்கு நேரம் இருந்தது.

ஐ.பி. இந்த ஏற்பாட்டை அடியோடு கழற்றிவிடுகிறது. 2017-இன் இறுதியில் வெளிவரத் தொடங்கிய எஸ்.எம்.பி.டி.இ. 2110 தரநிலைத் தொகுப்பு, படமில்லாத வரிகளை அனுப்புவதே இல்லை. நம் நாட்டில் பழகிய 1080 இன்டர்லேஸ் 50 படத்துக்குக் கம்பியில் 1.485 ஜிகாபிட் தேவைப்பட்டது, ஐ.பி.யில் படப்புள்ளிகளுக்கு 1.037 ஜிகாபிட் போதும். இந்தச் சேமிப்பைப் பெருமையாகப் பேசுகிறவர்கள், சேர்த்துத் தூக்கிப்போட்டது எது என்று கேட்பதில்லை. தாவுவதற்கென இருந்த இடைவெளி போனது. பிட்டோடு பிட்டாக ஓடிய கடிகாரமும் போனது. நெட்வொர்க்குக்கு எந்தப் பாக்கெட்டும் ஒன்றுதான். அதற்கு ஏழாவது வரி என்று ஒன்று தெரியாது. நேரத்தை இனி வெளியிலிருந்து கொண்டுவந்து, ஒவ்வொரு கருவிக்குள்ளும் தனித்தனியே உண்டாக்க வேண்டும். இந்தத் தரத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 2110-இன் பகுதிகளில் படம் 20-இல் வருகிறது, ஒலி 30-இல். இவற்றுக்கெல்லாம் முன்னால் வரும் 10-ஆம் பகுதி முழு அமைப்பின் நேரத்தைப் பற்றியது. அவர்கள் முதலில் வைத்ததை நாம் கமிஷனிங்கின் கடைசி நாளுக்குத் தள்ளுகிறோம்.

அடுத்து, "வேகம் ஏராளமாக இருக்கிறது, தாமதத்தைப் பற்றி என்ன கவலை" என்கிறார்கள். 100 ஜிகாபிட் ஸ்விட்சில் நேரம் ஒரு பிரச்சினையாக இருக்காது என்பது அலுவலக நெட்வொர்க்கில் பழகியவர்களின் நினைப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1080 படத்தின் ஒரு வரியில் 1920 புள்ளிகள், புள்ளிக்கு 20 பிட். ஆக வரிக்கு 4800 பைட். 1200 பைட்டாகப் பிரித்தால் வரிக்கு நான்கு பாக்கெட், ஒரு ஃப்ரேமுக்கு 4320. நொடிக்கு 50 முழு ஃப்ரேம் என்றால் 2,16,000 பாக்கெட். இது ஒரே ஒரு கேமராவின் கணக்கு. இதில் ஒரு பாக்கெட் தொலைந்தால் திருப்பி அனுப்பச் சொல்ல வழியில்லை. திரும்பி வருவதற்குள் அந்தப் படத்தைப் பயன்படுத்த வேண்டிய கணம் கடந்திருக்கும். அதனால்தான் 2110-21 என்று தனிப் பகுதி எழுதி, பாக்கெட்டுகள் எந்த இடைவெளியில் வெளியேற வேண்டும் என்று வரையறுத்தார்கள். மென்பொருளால் படம் அனுப்பும் சர்வர் ஒன்று, நூறு பாக்கெட்டை ஒரே மூச்சில் தள்ளிவிட்டுப் பிறகு ஓய்வெடுத்தால், சராசரி வேகம் வரம்புக்குள்தான் காட்டும். ஆனால் அதே போர்ட்டில் இன்னும் நான்கு சர்வர்கள் அதே கணத்தில் தள்ளினால் ஸ்விட்சின் சிறிய பஃபர் நிரம்பி வழியும். நிலையத்திலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால் எல்லா ஃப்ரேம்களும் ஒரே கணத்தில்தான் தொடங்குகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சராசரியைக் காட்டும் வரைபடத்தில் இந்த வழிதல் தெரியவே தெரியாது.

இனி பி.டி.பி. "கணினிகள் நேரம் சரிபார்க்கும் என்.டி.பி.யின் அண்ணன், ஆன் செய்தால் ஓடும்" என்று இதை அறிமுகப்படுத்துகிறார்கள். ஒளிபரப்புக்கான பி.டி.பி. வடிவமான எஸ்.எம்.பி.டி.இ. 2059 வந்தது 2015-இல். அதன் இலக்கு, நிலையத்தின் எந்த இரு கருவிகளுக்கும் இடையே ஒரு மைக்ரோ நொடிக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது. நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிராண்ட்மாஸ்டர் என்னும் தலைமைக் கடிகாரம் நேரத்தைச் சொல்லிச் செய்தி அனுப்புகிறது. கருவி பதில் செய்தி அனுப்பிப் போகவர ஆன நேரத்தை அறிகிறது. அதைப் பாதியாக்கி வழித் தாமதம் என்று வைத்துக்கொள்கிறது. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் ஒரே நேரம் ஆகிறது என்ற அனுமானத்தின் மேல்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போய்த் திரும்பிய பேருந்தின் மொத்த நேரத்தை இரண்டால் வகுத்து, ஏற இவ்வளவு நேரம் என்று சொன்னால் மலைப்பாதையில் ஓட்டியவர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நெட்வொர்க்கிலும் அப்படியே. 10 ஜிகாபிட் போர்ட்டில் 1500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 1.2 மைக்ரோ நொடி ஆகும். நேரச் செய்திக்கு முன்னால் வரிசையில் அப்படி ஒரே ஒரு பாக்கெட் நின்றாலும், உங்கள் ஒரு மைக்ரோ நொடி வரம்பை விடப் பெரிய தாமதம் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறிவிடுகிறது. கணக்கில் அதன் பாதி பிழையாகப் படிகிறது. இரண்டு மூன்று ஸ்விட்ச் தாண்டினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தீர்வு இல்லாமலில்லை. ஒவ்வொரு ஸ்விட்சும் தானே நேரத்தைப் பெற்று, தனக்குக் கீழே உள்ளவற்றுக்குப் புதிதாகக் கொடுக்கும் பவுண்டரி கிளாக்காக இருக்க வேண்டும். பாக்கெட்டில் நேர முத்திரையை மென்பொருள் இல்லாமல் வன்பொருளே குத்த வேண்டும். கருவிகள் வழக்கமாக நொடிக்கு எட்டு முறை வழித் தாமதம் கேட்கின்றன. ஆயிரம் கருவி உள்ள நிலையத்தில் நொடிக்கு 8000 கேள்வி. ஸ்விட்சுகள் பங்கெடுக்காவிட்டால் அத்தனையும் ஒற்றைக் கிராண்ட்மாஸ்டரின் தலையில் விழும். எந்த ஸ்விட்ச் வாங்குவது என்ற முடிவே நேரத்தைப் பற்றிய முடிவு என்பது இதிலிருந்து தெரியும். ஸ்விட்சை வாங்கி, ரேக்கில் ஏற்றி, கடைசியில் பி.டி.பி.யை ஆன் செய்யலாம் என்றிருப்பவர்கள் அந்த முடிவை யோசிக்காமலே எடுத்துவிட்டவர்கள்.

இந்த நம்பிக்கையின் மிக ஆபத்தான பகுதி, கிராண்ட்மாஸ்டரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தெரியாதிருப்பது. நெட்வொர்க்கில் யார் தலைமைக் கடிகாரம் என்பதைக் கருவிகள் தங்களுக்குள்ளேயே முடிவு செய்கின்றன. ஒவ்வொன்றும் தன் தகுதியை அறிவிக்கும்; சிறந்தது வெல்லும். தகுதியை ஒப்பிடும் வரிசையில் முதலில் வருவது கடிகாரத்தின் தரமாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார். முதலில் வருவது, மனிதர் கைப்பட இடும் ஒரு முன்னுரிமை எண். எண் குறைவாக இருப்பவர் தலைவர். செயற்கைக்கோளோடு பூட்டிய, விலையுயர்ந்த கிராண்ட்மாஸ்டர் 128 என்று சொல்லி, ஒரு சாதாரண ஆடியோ பெட்டி 1 என்று சொன்னால், தரத்தைப் பற்றிய கேள்வி எழுவதற்கு முன்பே பெட்டி வென்றுவிடும்.

இது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல வேண்டியதில்லாத ஒரு நிலையம். மாலையில் ஒரு பாட்டுப் போட்டி நேரலை. அதற்காக வாடகைக்கு வந்த ஸ்டேஜ் பாக்ஸை ஆடியோ பிரிவில் இணைத்தார்கள். எந்த நேரக் குழுவில் சேர்வது என்று சொல்லும் டொமைன் எண்ணை நிலையத்துக்கு ஏற்ப 127 என்று சரியாகவே மாற்றினார்கள். முன்னுரிமை எண்ணை யாரும் திறந்து பார்க்கவில்லை. முந்தைய நிகழ்ச்சியில் எவரோ வைத்த 1 அப்படியே இருந்தது. இணைத்த சில நொடிகளில் நிலையத்தின் கிராண்ட்மாஸ்டர் விதிப்படி ஒதுங்கி வழிவிட்டது. அந்தப் பெட்டிக்கு இன்றைய தேதி தெரியாது. தான் மின்சாரம் பெற்ற கணத்தை 1970 ஜனவரி 1 என்று வைத்து எண்ணத் தொடங்கியிருந்தது. நிலையத்தின் தலைமை நேரம் அரை நூற்றாண்டு பின்னால் போனது. சில கருவிகள் உடனே தாவின. சில, இவ்வளவு பெரிய தாவலை ஏற்காமல் பழைய நேரத்திலேயே நின்றன. முதல் வகை அனுப்பிய ஒலியை இரண்டாம் வகை காலாவதியானது என்று தூக்கியெறிந்தது. தயாரிப்புக் கட்டுப்பாட்டு அறையான பி.சி.ஆரில் மல்டிவியூவரின் சில கட்டங்கள் உறைந்தன, சிலவற்றில் கேமரா நகர்ந்தது. ஒலி பாதிச் சேனல்களில் மட்டும் வந்தது. தயாரிப்பாளர் ஹெட்செட்டில் கத்திக்கொண்டிருந்தார். நெட்வொர்க் அறைக்குப் போன் போட்டார்கள். அங்கிருந்து வந்த பதில்: "எல்லாம் பச்சையாக இருக்கிறது."

அவர்கள் பொய் சொல்லவில்லை. எல்லா இணைப்பும் உயிரோடு இருந்தது. ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. ஸ்விட்சுகளின் சுமை வழக்கம்போலவே இருந்தது. பாக்கெட்டுகள் சுமந்து வந்த நேரம் மட்டும் தவறு; அதைக் காட்டும் விளக்கு அந்தத் திரையில் இல்லவே இல்லை. சிவப்பு, நீலம் என்று இரட்டை நெட்வொர்க் போட்டு, 2022-7 முறையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு வழியாக அனுப்பும் ஏற்பாடும் அங்கே இருந்தது. ஒரு வழி அறுந்தால் படம் சிமிட்டாமல் தொடரும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அது பாக்கெட் தொலைவதிலிருந்துதான் காக்கும். தவறான நேரம் இரண்டு வழியிலும் ஒன்றுபோலவே வந்துசேரும். "இரட்டிப்பு இருக்கிறது, பயமில்லை" என்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் அந்தக் கோளாறைத் தடுக்கும் வழி ஸ்விட்சுகளிலேயே இருக்கிறது. கருவிகள் சேரும் போர்ட்டுகளில், "நேரம் கொடுப்பேன், வாங்க மாட்டேன்" என்று பூட்டிவிட்டால் எந்த ஸ்டேஜ் பாக்ஸும் தலைமைக்கு வர முடியாது. அதை யாரும் செய்யவில்லை. செய்வது யார் வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆடியோ உலகம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. பரவலாகப் புழங்கும் டான்டே ஆடியோ நெட்வொர்க் கருவிகள் பி.டி.பி.யின் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில் வளர்ந்தவை. 2110 நிற்பதோ 2008-ஆம் ஆண்டுப் பதிப்பின் மேல். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. ஏ.இ.எஸ். 67 என்னும் ஆடியோ தரத்தைப் பின்பற்றும் கருவிகள் 2008-ஐ ஒட்டியவைதான் என்றாலும், அவை பழகிய டொமைனும் செய்தி இடைவெளியும் வேறு. 2110-க்கும் ஏ.இ.எஸ். 67-க்கும் பொருந்தும் எண்களைத் தேர்ந்தெடுக்க ஏ.இ.எஸ். தனியாக ஓர் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்து இணைத்தால் ஓடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

"ஐ.டி. ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. மல்டிகாஸ்ட், ரூட்டிங், பாதுகாப்பு ஆகியவற்றில் அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி ஒளிபரப்புப் பொறியாளருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் வளர்ந்த உலகில் ஐம்பது மில்லி நொடி தாமதம் புகாராகாது. இரவு இரண்டு மணிக்கு ஸ்விட்சை அப்டேட் செய்து ரீஸ்டார்ட் செய்வது அங்கே நல்ல பழக்கம். இங்கே இரவு இரண்டு மணிக்கும் சேனல் ஓடிக்கொண்டிருக்கும். மறுபுறம், நெட்வொர்க் என்றாலே அது அந்த அறையின் விஷயம் என்று கைகழுவும் ஒளிபரப்புப் பொறியாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். வெக்டர்ஸ்கோப்பில் ஒரு டிகிரி விலகலைக் கண்டுபிடித்த மரபு அவர்களுடையது. பி.டி.பி. விலகலைக் காட்டும் வரைபடத்தைத் தங்கள் சுவரில் மாட்டிக்கொள்ள அவர்கள் ஏன் கேட்பதில்லை? ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2018-இல் வெளியிட்ட தேவைப் பட்டியலில் நேரமும் ஒத்திசைவும் தனி அடுக்காகவே நிற்கின்றன. நம் நிலையங்களின் பணிப் பட்டியலில் அதற்குத் தனி ஆள் இல்லை.

"ஜி.பி.எஸ். இருக்கிறதே, வானத்திலிருந்து நேரம் வருகிறதே" என்பவர்களுக்கு 2016 ஜனவரி 26-ஐ நினைவூட்ட வேண்டும். பழைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒன்றைப் பணியிலிருந்து விடுவிக்கும்போது நேரத் திருத்தத்துக்கான தரவு தவறாக ஏறி, உலகெங்கும் பல ரிசீவர்கள் ஏறத்தாழ 13 மைக்ரோ நொடி விலகிய நேரத்தைக் கொடுத்தன. காரில் வழி பார்த்தவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. இருப்பிடக் கணக்கு சரியாகவே இருந்தது. நேரத்தை நம்பிய தொலைத்தொடர்பு அமைப்புகளில் எச்சரிக்கைகள் ஒலித்தன. பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி பல இடங்களில் தடைபட்டது. நம் இலக்கோ ஒரே ஒரு மைக்ரோ நொடி. கூரையில் ஒரே ஆன்டெனாவை நிறுத்தி, கீழே இரண்டு கிராண்ட்மாஸ்டருக்கும் அதிலிருந்தே பிரித்துக் கொடுத்துவிட்டு, இரட்டிப்புச் செய்துவிட்டோம் என்று எழுதும் திட்ட வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆன்டெனா அறுந்தால் எத்தனை மணி நேரம் உள்ளிருக்கும் கடிகாரம் தாக்குப்பிடிக்கும்? சாதாரணப் படிகமா, அடுப்பில் வைத்த படிகமா, ருபீடியமா? விலைப்பட்டியலில் இது ஒரு வரி. எல்லாம் கைவிட்ட நாளில் நிலையத்தைத் தாங்கப்போவதும் அந்த வரிதான்.

இன்னொன்றும் உண்டு, சிறியதாகத் தெரியும், நேரலையில் மிகப் பெரியது. பி.டி.பி. எண்ணுவது அணுக் கடிகார நேரத்தை. நம் சுவர்க் கடிகாரம் காட்டுவது லீப் நொடிகளைச் சேர்த்துத் திருத்திய நேரத்தை. இரண்டுக்கும் இடையில் 2017 தொடக்கம் முதல் 37 நொடி இடைவெளி. கிராண்ட்மாஸ்டரில் இந்த எண்ணை நிரப்பாமல் விட்டால் படம் கெடாது, ஒலி கெடாது, எந்த எச்சரிக்கையும் வராது. ஸ்டுடியோச் சுவரில் கடிகாரம் மட்டும் 37 நொடி முந்தி ஓடும். ஏழு மணிச் செய்தி ஏழு அடிக்குமுன்னே தொடங்கும். முந்தைய விளம்பரத்தின் கடைசி அரை நிமிடம் காணாமல் போகும். பணம் கொடுத்த விளம்பரதாரருக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது.

இப்போது இன்னும் புதிய ஒரு வாதம் வந்திருக்கிறது. எல்லாம் சர்வருக்குள் மென்பொருளாகப் போய்விட்டால் ஒத்திசைவே தேவைப்படாது, மைக்ரோ நொடிப் பேச்செல்லாம் பழைய தலைமுறையின் பயம் என்கிறார்கள். நினைவகம் வழியாகப் படத்தைக் கைமாற்றும் முறைகள் நல்லவை. எதிர்காலத்தின் பெரும்பகுதி அங்கேதான் என்பதை ஏற்கிறேன். ஆனால் அதனால் நேரம் தேவையில்லை என்பதை ஏற்கவே முடியாது. எஸ்.டி.ஐ.யில் 16 சேனல் ஒலி படத்தின் கம்பிக்குள்ளேயே பதிந்து வந்தது, பிரியவே முடியாது. 2110 அதைப் பிரித்தது. படம் ஒரு வழியில் போகும், ஒலி வேறு வழியில், வசனத் துணைத்தரவு இன்னொரு வழியில். அவற்றைத் திரும்பச் சேர்க்கும் ஒரே பிணைப்பு, ஒவ்வொன்றிலும் குத்திய நேர முத்திரை. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்37 பரிந்துரை, ஒலி படத்தை 40 மில்லி நொடிக்கு மேல் முந்தவோ 60 மில்லி நொடிக்கு மேல் பிந்தவோ கூடாது என்கிறது. நம் இன்டர்லேஸ் 50 படத்தில் 60 மில்லி நொடி என்பது ஒன்றரை ஃப்ரேம். கேமராவில் குத்திய முத்திரையை கிராஃபிக்ஸ் கருவி அழித்துத் தன் நேரத்தைக் குத்தினால், அடுத்த கருவியும் அப்படியே செய்தால், நான்காம் கருவியைத் தாண்டும்போது பாடகியின் உதடும் பாட்டும் பிரிந்திருக்கும். எந்த இடத்தில் பிரிந்தது என்று கண்டுபிடிக்கும் தடயமும் மிஞ்சாது. மென்பொருள் உலகில் ஒவ்வொரு படமும் தன் பிறந்த நேரத்தைக் கடைசிவரை சுமந்தாக வேண்டும். ஒத்திசைவின் கட்டாயம் தளரும் அளவுக்கு முத்திரையின் கட்டாயம் கூடுகிறது.

மலிவு என்ற வாதத்துக்கு அதிக இடம் ஒதுக்க விரும்பவில்லை. ஒரு ஸ்டுடியோ, ஆறு கேமரா, ஒரு எம்.சி.ஆர். (முதன்மைக் கட்டுப்பாட்டு அறை) உள்ள மாவட்டச் செய்திச் சேனலுக்கு இரட்டை நெட்வொர்க், பவுண்டரி கிளாக் ஸ்விட்சுகள், ஒளி மாட்யூல்கள், இரண்டு கிராண்ட்மாஸ்டர், இவற்றை நிர்வகிக்கும் மென்பொருள், அதை இயக்கத் தெரிந்த ஆட்கள் என்று வாங்கச் சொல்வது நியாயமே இல்லை. நல்ல 3ஜி எஸ்.டி.ஐ. ரௌட்டர் ஒன்று அவர்களுக்குப் பல வருடம் ஓடும்; இரவுப் பணியில் இருக்கும் ஒற்றை ஆள் பேட்ச் கேபிள் ஒன்றைப் பிடுங்கி மாட்டிச் சேனலைக் காப்பாற்றிவிடுவார். 4கே வந்தாலும் அந்த அளவுக்கு 12ஜி கம்பி போதும். அப்படிப்பட்ட நிலையத்திடம், "நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள்" என்று சொல்லிச் சொல்லியே வாங்க வைப்பதை நான் எதிர்க்கிறேன்.

பெரிய நிலையங்கள் மாறத்தான் போகின்றன, மாறட்டும். டெண்டரில் நேரத்துக்குத் தனி அத்தியாயம் எழுதுங்கள். எந்த ஸ்விட்ச் எந்த போர்ட்டில் நேரம் வாங்கும், எதில் கொடுக்கும் என்று கேபிள் பட்டியல்போலவே ஒரு நேரப் பட்டியல் கேளுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் கிராண்ட்மாஸ்டரின் அடையாள எண்ணை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கட்டும். அந்த எண் மாறினால் எம்.சி.ஆரில் மணி அடிக்கட்டும். நிலையத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன், நேரலை இல்லாத ஓர் இரவில் எல்லாக் கருவிகளும் ஓடும் நிலையில் ஆன்டெனா கேபிளைக் கழற்றி விடியும்வரை விடுங்கள். பிறகு முதல் கிராண்ட்மாஸ்டரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். முன்னுரிமை எண் 1 வைத்த ஒரு பெட்டியை ஏதாவது ஒரு சுவர் போர்ட்டில் செருகுங்கள். நடுவிலுள்ள ஒரு ஸ்விட்சை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் எந்தக் கருவி எத்தனை மைக்ரோ நொடி விலகியது, திரும்ப எத்தனை நொடி எடுத்தது என்று ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை எஸ்.டி.ஐ. ரௌட்டரின் மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.